சீமைப்பலா இலைச் சட்டை

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபோது சட்டைப் பையின் மேல் பழுப்பாக ஒரு முக்கோணம் பதிந்திருந்தது.

காவெஹி பதறிப்போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஹீலோ நகரக் கடைத்தெருவில் உள்ள அந்தச் சிறு காட்சிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பூவும் இலையும் அச்சிட்ட தீவுச் சட்டைகளின் கண்காட்சி, ‘அலோஹா சட்டையில் நம் பெண்கள்’, பத்து மணிக்குத் திறப்பு. கருகியதோ நீதிபதி ஹாவுனானியின் சட்டை! கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஆண் நீதிபதிகள் நடுவே, ஒரு வெள்ளிக்கிழமை, சீமைப்பலா இலை போட்ட இந்தச் சிவப்புச் சட்டையோடு போய் உட்கார்ந்தவர் அவர். ஒரே மாதத்தில் மற்றவர்களும் கோட்டைக் கழற்றிவிட்டார்கள்.

திறந்துவைக்க வரப்போவதும் அவர்தான்.

"பூமாலையைப் போட்டு மறைச்சிடு," என்றான் காவலாளி கலானி.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாலை. ஈரம் சொட்டிச் சாயம் கரைந்து, சட்டையின் வெள்ளை இலைகளெல்லாம் ரோஜா நிறமாயின.

"உப்புத் தண்ணியில அலசு. சாயம் நின்னுடும்."

அலசினாள். தொட்டி முழுக்கச் சிவந்தது.

"சரி, மெஷின்ல போட்டுக் காய வை."

காய்ந்து வெளியே வந்த சட்டை ஏழு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும்.

"ஜட்ஜ் ஆன்ட்டி ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது போட்டதுன்னு எழுதி வெச்சிடலாமா?" என்றான் கலானி.

"வேலை போகப்போகுது எனக்கு, உனக்குக் கிண்டலா?"

கோபமாக நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அவன் போட்டிருந்ததும் சிவப்பு. சீமைப்பலா இலை.

"ஏய், ஏன் அப்படிப் பார்க்கிறே?"

"கழட்டு அண்ணா."

"எங்கம்மா பிறந்தநாளுக்குக் குடுத்ததுடி!"

"கழட்டு!"

மலை போன்ற கலானியின் சட்டை, காட்சிப் பொம்மையின் முதுகுப்பக்கம் இருபத்திரண்டு குண்டூசிகளின் தயவில் நின்றது. கலானி மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

பத்து மணிக்கு நீதிபதி தடியூன்றி வந்தார். பின்னால் கைப்பையோடு மருமகள் பியிலானி. பொம்மை முன் நின்ற கிழவி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். நெடுநேரம் பார்த்தார்.

காவெஹியால் தாங்க முடியவில்லை. "ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும்..."

கையை உயர்த்தி அவளை அடக்கிய நீதிபதி, சட்டையின் கைப்பகுதியைத் தடவினார்.

"இதேதான். அன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டு உள்ள போறதுக்குள்ள ரெண்டு தடவை வாசல்லேயே திரும்பிப் போயிடலாமான்னு பார்த்தேன்." பிறகு ஊசிகளை மீறித் தொங்கிய தோள்களைப் பார்த்தார். "அப்போ நான் இவ்வளவு குண்டாவா இருந்தேன்?"

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. காவெஹிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அரை நிமிடம்தான். பியிலானி அவள் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"நான் அனுப்பின சட்டையில தேங்காய் ஓட்டுப் பட்டன். இதுல பிளாஸ்டிக் இருக்கே?"

காவெஹி உடைந்துவிட்டாள். "நான்தான் கருக்கிட்டேன் ஆன்ட்டி. சுருக்கியும் தொலைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க, நானே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன்..."

பியிலானி அவள் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதே! நான் அனுப்பினதே போன வாரம் பழைய துணிக்கடையில வாங்கினது. நிஜச் சட்டை மேல எங்க நாய் குட்டி போட்டு இருபது வருஷமாச்சு!"