சிவதாணு வெட்டிய ஓட்டை

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றால் என் பல்செட் இப்போதே கழன்று விழட்டும். விழாது; நேற்றுத்தான் இறுக்கிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். திருவனந்தபுரத்தில் அன்றெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள், சந்நிதிக்குப் போகிற மாதிரி. சட்டைப்பையில் பிளாப்பி தெரிய நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். என்ன காலம் அது! அப்படி நடந்தவர்தான் சிவதாணு, டுடோரியல் காலேஜ் வாத்தியார். மனைவி பகவதி அவரோடு எம்.சி.ஏ. படித்தவள். அவள் முதல் ரேங்க். அவளுடைய நோட்டைப் பார்த்து எழுதி அவர் இரண்டாம் ரேங்க்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம்: அல்காரிதம், செயற்கை அறிவு இவற்றில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. ஒரே ஓர் இடம். சிவதாணுவின் கண்முன் வீட்டு கேட்டில் ‘டாக்டர்’ பலகை ஆடியது. பகவதியும் விண்ணப்பித்தால் அதில் யார் பெயர் ஏறும் என்பதும் கூடவே தெரிந்தது. பிளேடை எடுத்தார். விளம்பரத்தைச் சதுரமாக வெட்டி ஒளித்தார்.

"என்னங்க, பேப்பர்ல ஓட்டை?"

"எலி."

"ஸ்கேல் வச்சா கடிச்சுது?"

"படிச்ச எலியாக்கும்."

பகவதி மேலே கேட்கவில்லை. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார் சிவதாணு.

விண்ணப்பத்தோடு ஆராய்ச்சித் திட்டமும் வேண்டும். மண்டை காலி. அப்போதுதான் பொறி தட்டியது. சனிக்கிழமைதோறும் பகவதி சாலைக் கடைத்தெருவில் பதினோரு கடை ஏறி இறங்குவாள். போன வழியில் திரும்ப மாட்டாள். கனமான அரிசி கடைசியில்தான். அதுதானே அல்காரிதம்! கம்ப்யூட்டருக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் செயற்கை அறிவு!

"இன்னைக்குப் பையை நான் தூக்குதேன்."

"குடை எடுத்துக்கிடுங்க. மழை கொட்டப் போவுது."

கடை கடையாக நோட்டில் குறித்தார். அன்று அரிசி முதலில். பதினைந்து கிலோ, அவர் தோளில். பிறகு புளி, கயிற்றுக்கடை, வெல்லம், மறுபடி கயிற்றுக்கடை, கற்பூரம், மூன்றாம் தடவையும் கயிற்றுக்கடை.

"எதுக்குளா இங்கயே சுத்துதே?"

"இது பெரிய கணக்காக்கும். உங்களுக்குப் பிடிபடாது."

பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

நேர்முகத் தேர்வு. டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று துப்பிய பதினாறு பக்கத்தையும் பேராசிரியர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மிஸ்டர் சிவதாணு, அரிசி மூட்டையோட கயிற்றுக்கடைக்கு மூணு தடவை எதுக்குப் போகணும்?"

"அது... பெரிய கணக்கு, சார்."

வெளியே வந்தால் பெஞ்சில் பட்டுச்சேலையோடு பகவதி. மடியில் நாலே பக்கம்.

"நீ எப்படிளா இங்க?"

"முழுப் பேப்பரா இருந்தா அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டேன். ஓட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு அடுத்த வீட்டு ராகேல் அக்கா பேப்பர்ல பார்த்தேன். மறுநாளே தபால்ல போட்டாச்சு."

"அப்போ அந்தக் கயிற்றுக்கடை?"

"ஒரு முழம் கயிறாவது வாங்கினேனா? கவனிக்கலியா?"

நாலு வருஷத்தில் கேட்டில் பலகை ஏறியது: ‘டாக்டர் பகவதி.’ ஆணி அடித்தவர் சிவதாணு.

பலகை வெளுத்துவிட்டது. அந்தப் பிளாப்பி மட்டும் என் மேஜைமேல், காப்பி டம்ளருக்கு அடியில். இதைச் சொன்னது யார் என்று ஒருவரிடமும் மூச்சுவிடாதீர்கள். நாளை சனிக்கிழமை. அவள் அரிசியை முதலில் வாங்கிவிட்டால், இந்த வயதில் என் தோள் தாங்காது.