குவைத்தில் ஐப்பசி மழை

நான் குடிகாரனாக இருந்திருந்தால் என் வீட்டுக்கு இவ்வளவு வெட்கக்கேடு வந்திருக்காது. இதை நானாகச் சொல்லவில்லை. என் மனைவி தேவகியின் தம்பி என் முகத்துக்கு நேராகவே சொன்னான். "குடிச்சாக்கூட வெளிய சொல்லிக்கலாம் மாமா. உப்பளத்து வேலை, உடம்பு வலின்னு ஒரு காரணம் இருக்குது. நாப்பத்திரண்டு வயசுல போன்ல பஸ் ஓட்டுறாருன்னு நான் எங்க போய்ச் சொல்றது?"

ஆமாம், நான் போனில் பஸ் ஓட்டுகிறவன்.

மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியின் எடை மேடையில் எனக்கு வேலை. காலையிலிருந்து லாரிகளை ஏற்றி, இறக்கி, எடை போட்டு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் பைக்கை உப்புக் குவியலுக்குப் பின்னால் மறைவாக நிறுத்தி, சீட்டின் மேல் உட்கார்ந்து பஸ் கேமைத் திறப்பேன். (பகலெல்லாம் லாரியைப் பார்த்த கண்ணுக்குச் சாயங்காலம் பஸ்ஸைப் பார்த்தால்தான் ஓய்வு. இதை விளக்கப் போய்த்தான் தேவகி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.)

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் ஆம்பளைகள் மரத்தடியில் வட்டம் போட்டுச் சீட்டு ஆடுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது பெரிய மனுஷங்க ஆட்டம். அதே மரத்தடியில் நான் போனை எடுத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும், "ஏம்பா, பால்வாடி விட்டாச்சா?" என்பார்கள். முதலாளி இன்னும் ஒருபடி மேலே. வெளியூர் லாரி டிரைவர்களிடம் என்னைக் காட்டி, "இவனும் டிரைவர்தான், லைசென்ஸ்தான் இன்னும் வரல" என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த விளையாட்டில்தான் அன்வர் எனக்குக் கிடைத்தான். கோட்டக்குப்பத்துப் பையன். (வயது முப்பத்து மூன்று. என்னைவிடச் சின்னவன் என்பதால் பையன்.) குவைத்தில் ஒரு குடோனில் மூட்டை அடுக்குகிற வேலை. அவன் ஷிப்ட் முடிகிற நேரமும் நான் எடை மேடையைப் பூட்டுகிற நேரமும் ஒன்றாக அமைந்தது. அவன் பஸ் முன்னால், என் பஸ் பின்னால், காதில் ஹெட்செட். கேமில் இருந்த ரோடு ஏதோ ஒரு தூர தேசத்து ரோடு. அதற்கு எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டோம். முதலில் வருகிற பாலம் மரக்காணம். பெட்ரோல் பங்க் கூனிமேடு. தென்னந்தோப்பு வளைவு பொம்மையார்பாளையம். அதைத் தாண்டினால் ரோட்டோரம் பச்சை மினாரா வைத்த ஒரு பள்ளிவாசல் வரும், அதுதான் கோட்டக்குப்பம். அங்கே வந்ததும் அன்வர் நீளமாக ஒரு பாட்டு ஹாரன் அடிப்பான்.

"உப்பண்ணே, ஊரு வந்துடுச்சு. நான் எறங்கிக்கிறேன்."

"எறங்கு எறங்கு. படிக்கட்டு பார்த்து."

பெரிய ஆம்பளைகள் பேசுகிற பேச்சா இது? ஆனால் இரண்டு வருஷம் தினமும் இதைத்தான் பேசினோம். நேரில் பார்த்ததில்லை. அவனுக்கு லீவு கிடைக்கவே இல்லை.

ஒரு மாசி மாதம், நான்கு நாள் அன்வரைக் காணோம். ஐந்தாம் நாள் அவன் பஸ் பாலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் சந்தோஷம் தாங்காமல் ஹாரனை விடாமல் அடித்தேன். காதில் வேறு ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க. நான் அவர் ரூம்ல இருக்கிறவன். அன்வர் பாய் மவுத்தாயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. இங்கயே அடக்கம் பண்ணிட்டோம். உங்க நம்பர் தெரியல, அதான் இதுல வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்வரின் பஸ் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

வீட்டில் யாரிடம் சொல்லி அழுவது? கேமில் ஒருத்தன் செத்துட்டான் என்றால், திரும்ப ஆடினால் உயிர் வந்துவிடும் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, "கோட்டக்குப்பத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் தவறிட்டாரு" என்று மட்டும் தேவகியிடம் சொன்னேன். "எழவு வீட்டுக்குத் தனியாவா போவாங்க?" என்று அவளும் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

விசாரித்துக்கொண்டு அன்வர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தேவகியைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போனார்கள். இடையில் ஒரு திரைச்சீலை. ஹாலில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்வரின் தாய்மாமன் ஜமால் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தம்பிக்கு அன்வரை எப்படிப் பழக்கம்?"

கேம் என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். சுற்றிலும் பார்த்தேன். நரைத்த தாடிகள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைகள், அழுது சிவந்த கண்கள். எனக்குக் காதுக்குள், பால்வாடி விட்டாச்சா என்று யாரோ கேட்டார்கள். வாய் தானாகத் திறந்தது.

"குவைத்துல ஒண்ணா வேலை செஞ்சோங்க."

(இந்தப் பொய்யை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், கோட்டக்குப்பத்தில் சொல்லக் கூடாது. அங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடா போனவர். போய்த் திரும்பியவர்களில் பாதிப் பேர் அன்று அந்த ஹாலில் இருந்தார்கள். என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது.)

ஏழெட்டு நாற்காலிகள் என் பக்கம் நகர்ந்தன.

"அப்படியா! குவைத்துல எந்த ஏரியா?"

"கடலோரமாங்க."

"என்ன வேலை?"

எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். "உப்பளங்க."

"நான் இருபத்திரண்டு வருஷம் அங்க இருந்தேன்" என்றார் ஜமால். "உப்பளம் பார்த்ததில்லையே?"

"புதுசா போட்டாங்க."

"அன்வர் குடோன்லதானே இருந்தான்?"

"உப்பு குடோனுங்க."

"சரி, எப்ப ஊருக்கு வந்தீங்க?"

"ஐப்பசியிலங்க. மழை வந்துட்டா வேலைய நிறுத்திடுவாங்க இல்ல? பாத்தி பூரா தண்ணி நின்னுடும்."

 மூலையில் இருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார். "குவைத்துல ஐப்பசி மழையா?"

"அடைமழைங்க" என்றேன்.

வேறு இடமாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. ஜமால் என் கையை விட்டார். "தம்பி, அவன் முகத்தைக்கூட நாங்க பார்க்கல. கடைசியா யார்கூட இருந்தான், என்ன பேசினான்னு அவங்கம்மா பத்து நாளா கேட்டுட்டே இருக்காங்க. ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலன்னா கெளம்புங்க. இந்த மாதிரி பேசாதீங்க."

எனக்குத் தெரியும். அவன் கடைசிச் சாயங்காலம் என்ன பேசினான் என்று அந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் எழுந்து செருப்பைத் தேடினேன். குவைத்தில் மழை பெய்ய வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். செருப்பைத் தேடியதை நினைத்தால் வராது.

அப்போது திரைச்சீலை விலகியது. தேவகி நின்றிருந்தாள்.

உள்ளே அன்வரின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பியிருக்கிறார். "தெனம் சாயந்தரம் உப்பண்ணன்கூட பஸ்ஸுல ஊருக்கு வந்துட்டுப் போறேம்மான்னு சொல்லுவான். உடம்புக்கு ஏதாவது வந்து உளர்றானோன்னு பயந்தேன். யாரும்மா அந்த உப்பண்ணன்?" நான் வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "அன்வரு, பிரேக் போடு" என்று கத்தியதெல்லாம் தேவகிக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்திருக்கிறது.

"இவர் குவைத்துக்குப் போனதில்லைங்க" என்றாள். "விழுப்புரத்தைத் தாண்டினதே இல்ல. எங்க வீட்டுக்காரரு போன்ல பஸ் கேம் ஆடுறவரு. உங்க புள்ளைகூட தெனம் ஆடினவரு. உப்பண்ணன் இவர்தான்."

தன் அம்மாவிடம்கூட இந்த விஷயத்தை மறைத்து வைத்திருந்தவள், முப்பது பேர் முன்னால் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்வரின் அம்மா எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். "அந்த பஸ்ஸைக் காட்டு தம்பி."

போனைத் திறந்தேன். பஸ் இரண்டு தடவை பள்ளத்தில் இறங்கியது. "மெதுவா ஓட்டுங்க" என்றாள் தேவகி பின்னாலிருந்து. பாலம் போனது. பங்க் போனது. தென்னந்தோப்பில் வளைந்தேன். பச்சை மினாரா வந்தது.

"இங்கதாம்மா எறங்குவான்."

"கடைசி நாளும் எறங்கினானா?"

"எறங்கினாம்மா. 'அம்மா டீ போட்டு வெச்சிருக்கும்ணே, ஆறிடும், வர்றேன்'னு சொல்லிட்டு எறங்கினான்."

அவர் போனை உற்றுப் பார்த்தார். "இது நம்ம ஊரு மாதிரி இல்லையேப்பா."

"இல்லம்மா. பேரு மட்டும் நாங்க வெச்சது."

மினாராவைத் தொட்டுப் பார்க்க விரலை வைத்தார். விரல் ஹாரன் மேல் பட்டுவிட்டது. அந்த வீடு முழுக்கப் பாட்டு ஹாரன் அலறியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். நான் பதறிப் போனை இழுத்தேன். அவர் விடவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மரத்தடியில் என் பெயர் இப்போது குவைத் டிரைவர். எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும், "குவைத்துல மழையா?" என்றுதான் கேட்பார்கள். என் மச்சான் கல்யாண வீடுகளில் இந்தக் கதையை என்னை வைத்துக்கொண்டே சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். ஹாரன் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறான், அதுவரைக்கும் நல்லவன்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அன்வரின் அம்மா போன் செய்வார்.

"தம்பி, குவைத்துல மழை ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சிடுச்சும்மா. வேலைய நிறுத்திட்டாங்க."

"அப்ப ஊருக்கு வந்துடுப்பா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.