ரமணி டீச்சர் கொன்ற வெள்ளைக்காரர்

ரமணி டீச்சரின் ஆங்கில வலைப்பூவை மூன்று வாரமாக ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆசையாக ஆங்கிலம் எழுதிப் பழகட்டும் என்று அவர் தொடங்கியது அது. ஆசிரியர் அறையில் அழாத குறையாகப் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போன அன்று மாலை, வகுப்பு மாணவன் ஜீவனின் பெயருடன் ஒரே ஒரு வரி வந்திருந்தது.

"ஐ ஹேவ் கேட்."

விட்டால் இதுவும் நின்றுவிடும் என்று பயந்து, டீச்சர் ஒரு வாசகரை உண்டாக்கினார். பெயர் ஹென்றி. ஊர் லண்டன். ரிட்டையர்டு.

"அருமை, ஜீவன்! பூனையின் பெயர் என்ன?" என்று ஹென்றி கேட்டார்.

அவ்வளவுதான். மலர், லோகன், அமுதவள்ளி என்று வகுப்பே ஹென்றிக்கு எழுதித் தள்ளியது. நேரில் ஹென்றியைப் பற்றிக் கேட்டால் மட்டும் திருதிருவென்று விழித்தார்கள். கூச்சம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று லோகன் எழுதியபோது, 'இந்த வயசில் இவனுக்கு என்ன கவலை?' என்று குழம்பினார். ஆனாலும் ஹென்றி இரண்டு பக்கத்துக்கு ஆறுதல் சொன்னார்.

வினை அப்புறம்தான் வந்தது. பரிசளிப்பு விழாவுக்கு வரச் சொல்லி மலர் ஹென்றியை அழைத்தாள்.

விமானம் என்றால் பயம் என்றார் ஹென்றி.

"கப்பலில் வாருங்கள். போர்ட் கிள்ளான் பக்கம்தான்" என்று பதில் வந்தது.

கால் முறிந்துவிட்டது என்றார் ஹென்றி.

"பள்ளியில் சக்கர நாற்காலி இருக்கிறது."

போதாக்குறைக்குத் தலைமையாசிரியர் பரமேஸ்வரன் நடையில் மறித்தார். "டீச்சர், மிஸ்டர் ஹென்றிக்கு ரோஜா மாலையா, மல்லிகையா? சாப்பாட்டுல காரம் கம்மியா போடச் சொல்லிட்டேன். பேனருக்கும் ஆர்டர் குடுத்தாச்சு லா!"

"பேனரா சார்?"

"பத்தடி!"

டீச்சருக்கு வேறு வழி தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஹென்றியின் மகளாக அவதாரம் எடுத்து, அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று வலைப்பூவில் எழுதினார். பாரம் இறங்கிய நிம்மதியில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, பள்ளி முழுக்க நின்ற சபைகூடலில் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார்.  மௌன அஞ்சலி என்று சைகை மட்டும் காட்டிவிட்டுக் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் தலைகுனிந்து நின்றார்கள். ஜீவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "யாருடா செத்தது?" என்று கேட்டான்.

சபை கலைந்ததும் டீச்சர் நேரே அலுவலகத்துக்குப் போய், கோப்பு கடிதமெல்லாம் பார்க்கும் கிராணி வீரம்மாவைப் பிடித்தார். "அக்கா, பிள்ளைங்களே அழல. சார் ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழறாரு?"

வீரம்மா கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பிள்ளைங்க எங்க டீச்சர் எழுதினாங்க? நீங்க மூஞ்சத் தொங்கப் போட்டதப் பாத்துட்டு, அவங்க பேருல தெனமும் சாருதானே உக்காந்து எழுதினாரு. பாவம், அவருக்குன்னு இருந்த ஒரே கூட்டாளி அந்த ஹென்றிதான்."