கரிக்கோச்சிக்குப் பால் காய்ச்சிய வெள்ளிக்கிழமை

"...உதுக்குள்ளை பாலை ஊத்தின விசரன் ஆரெண்டு எனக்கு இப்ப தெரிஞ்சாகோணும்!"

மகேஸ் அக்கா இப்படிக் கேட்டபோது அவருடைய பச்சைப் பட்டுச்சேலையில் இருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கு நுனியிலும் ஒரு சொட்டு. அவருக்குப் பின்னால், சாவகச்சேரியில் அவருடைய சொந்த வளவுக்குள், ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சின், எங்கடை பேச்சில் கரிக்கோச்சி, நுரை கக்கியபடி நின்றது. எஞ்சினைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் திருத்தவேலைத் தொண்டர்கள். எல்லோரும் நனைந்திருந்தோம். எல்லோருடைய விரலும் ஒரே பக்கம் நீண்டது.

என் பக்கம்.

எங்கடை ஊரில் தொண்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது சுகம். சேர்ந்தவரை வேலை செய்ய வைப்பதற்குத்தான் தனியாக ஒரு தொண்டர் படை வேண்டும். நாங்கள் சனிக்கிழமைதோறும் கூடுவோம். முதலில் தேத்தண்ணி. பிறகு கடந்த கிழமை ஏன் வேலை நடக்கவில்லை என்று ஒரு கூட்டம். கூட்டம் முடிந்த களைப்புக்கு இன்னொரு தேத்தண்ணி. அதற்குப் பிறகு நேரம் மிஞ்சினால் யாராவது கம்பித்தூரிகையை எடுத்து எஞ்சினில் பிடித்த துருவை, அதாவது கறளை, உரஞ்சுவார்கள். (அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். நான் சொன்னால் ஆர் நம்புறியள்!)

எஞ்சின் அந்த வளவுக்கு வந்த கதையை மகேஸ் அக்காவே சொல்லக் கேட்கவேண்டும். "கலியாணம் முடிஞ்ச புதுசு. வீட்டிலை உடுப்பு வைக்க ஒரு அலுமாரி இல்லை. ஏலத்திலை அலுமாரி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போன மனிசன், கோச்சியோடை வந்து நிக்கிறார்!" ஸ்டேசனுக்குள் பெட்டிகளை இழுத்துத் தள்ளுகிற சின்னக் கரிக்கோச்சி அது. பழைய இரும்பு விலைக்கு வாங்கியவர், வெட்டி விற்க மனம் வராமல் அப்படியே வைத்துவிட்டார். பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. அது மட்டும் இடம்பெயரவில்லை. அவர் காலமான பிறகும் அதே இடத்தில் நின்றது, கொடி படர்ந்து, உள்ளே கோழி அடைந்து.

இப்போது மகளுக்கு வீடு கட்ட அந்த நிலம் வேண்டும். அக்கா எங்களிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"கோச்சியெண்டா கூவோணும். தை மாதக் கடைசி வெள்ளிக்குள்ளை ஒருக்கா கூவிச்சுதெண்டா நிக்கட்டும், வீட்டை அங்காலை தள்ளிக் கட்டுவம். கூவாட்டி அது கோச்சியில்லை, இரும்பு. திங்கட்கிழமை லொறி வரும்."

எங்கள் தலைவர் சிவபாதம் அண்ணை. ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். சாவி போடும் இடம் தேடி எஞ்சினை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தவர் (சத்தியமாக). வேலை தெரிந்தவர் ஒருவர்தான், யாழ்ப்பாணம் டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நிசாம் நானா. பழுதான குழாய்களையெல்லாம் மாற்றி ஒட்டியவர் அவர். எனக்குக் கிடைத்த பதவி தண்ணீர்.

சிரிக்காதீர்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியில் சுண்ணாம்பு எப்படிப் படியும் என்று யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். கேத்திலுக்கே அந்தக் கதி என்றால் கொதிகலனுக்கு? ஆகவே மாரி முழுக்க மழைநீர் பிடித்தேன். கூரைத் தகரத்துக்குப் பீலி கட்டி, வாய்க்கு வேட்டித்துணி கட்டி, தாங்கியில் சேர்த்து, பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். அதில் கை கழுவ வந்த சிவபாதம் அண்ணையோடு இரண்டு கிழமை கதைக்காமலும் இருந்தேன். "கோச்சிக்குச் சுத்தமான தண்ணியைத் தவிர ஒரு சொட்டு வேறை சாமான் போகப்படாது!" என்று நான் கத்தாத சனிக்கிழமை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் நிறைகுடம், எஞ்சின் நெற்றியில் சந்தனம், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம். அரைவாசிச் சாவகச்சேரி வெள்ளை வேட்டியோடு வந்து நின்றது. மழைநீர் நிரப்பியாயிற்று. நிசாம் நானா விறகு அடுக்கி முடித்தார். நெருப்பு வைக்கவேண்டியதுதான் பாக்கி.

"பொறுங்கோ," என்றார் சிவபாதம் அண்ணை. "பால் காய்ச்சேல்லையே?"

"என்ன பால்?"

"புது வீடு எண்டால் முதல்லை பால் காய்ச்சுறம். இது இவ்வளவு காலத்துக்குப் பிறகு அடுப்பு மூட்டுற இடம். பால் காய்ச்சாமல் சுடுதண்ணி காய்ச்சினால் நல்லாவே இருக்கும்?"

சனம் தலையாட்டியது. பக்கத்தில் மூன்று கல்லு வைத்துக் காய்ச்சுங்கள் என்றேன். "அது கல்லடுப்பிலை காய்ச்சின பால். கோச்சியிலை காய்ச்சின பால் இல்லை," என்றார். எஞ்சின் அடுப்புக்குள் பானையை வைக்கப் பார்த்தார்கள். அடுப்பு வாசலில் பானை இறுகிக்கொண்டது. இழுத்து எடுக்கவே பெரும்பாடு. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சிவபாதம் அண்ணை தண்ணீர் விட்ட துவாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"குகன், உதுக்குள்ளை போறதும் கொதிக்கிறதுதானே?"

எனக்கு அலுத்துப்போய்விட்டது. மாரி முழுக்கக் கத்திய தொண்டை. "ஒரு செம்பு! ஒரே ஒரு செம்பு! ஊத்திப்போட்டு இறங்குங்கோ!" என்றேன். அவ்வளவு பெரிய வயிற்றுக்கு ஒரு செம்பு பால் என்ன செய்துவிடும்?

அங்கேதான் நான் எங்கள் ஊரை மறந்துபோனேன். கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மற்றவரை விட முடியுமா?

"தலைவர் ஊத்தலாம், கறள் உரஞ்சின நாங்கள் ஊத்தக்கூடாதோ?" என்று ஒருவர் செம்போடு ஏறினார். அவர் ஏறியதைக் கண்டு அவருடைய மச்சான் ஏறினார். (ரெண்டுபேரும் வேலிப்பிரச்சினையிலை கதைபேச்சில்லாத ஆக்கள்.) ஒருவர் ஆட்டுப்பால். ஒருவர் அவசரத்துக்குக் கடையில் வாங்கிய பால்மாவைக் கரைத்து. "நானா, நீங்களாவது சொல்லுங்கோவன்!" என்று நிசாம் நானாவிடம் திரும்பினேன். அவர் கையிலும் ஒரு போத்தல்.

"எங்கட வீட்டிலயும் தந்து விட்டிருக்கிறாங்க தம்பி. எல்லாரும் ஊத்தேக்க நான் மட்டும் நிண்டா, நாளைக்கு என்ன கதைப்பினம்?"

எல்லோரும் ஊற்றி முடித்தார்கள். நான் கீழே நின்றேன். அப்போதுதான் அந்தக் கேவலமான எண்ணம் வந்தது. ஆக அதிகம் பாடுபட்டவன் நான். என் பெயரில் ஒரு சொட்டும் இல்லையே! வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட வைத்திருந்த பால் கானைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். முழுக் கான்.

ஆக, அக்கா கேட்ட விசரன் ஆரென்று எனக்கே தெரியும்.

நெருப்பு வைத்தோம். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. சனம் மூச்சுப் பிடித்து நின்றது. அக்கா முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு. சிவபாதம் அண்ணை விசில் கயிற்றை இழுத்தார்.

கூவவில்லை. வாய் கொப்பளிப்பதுபோல் களகளவென்று ஒரு சத்தம். பிறகு விசில் வாயிலிருந்து நுரை கிளம்பி, தென்னை உயரத்துக்குப் போய், ஆறி, தூறலாக இறங்கியது. பாலும் கறளும் கலந்து. நிறமும் மணமும் அசல் பால் தேத்தண்ணி, சீனிதான் இல்லை. நனையாத வேட்டி ஒன்றுகூட இல்லை. "பால் பொங்கீட்டுது, கிழக்காலைதான் பொங்கினது, நல்ல சகுனம்!" என்று சிவபாதம் அண்ணை மட்டும் மேலே நின்று கத்தினார். (விசில் வாய் கிழக்கைப் பாத்து நிண்டால் வேறை எங்காலை பொங்கிறது?)

அதிலிருந்து என் பெயர் பால்காரன். சொந்தத் தங்கையின் வீடு குடிபுகுதலுக்குப் போனபோதும் என்னை அடுப்படி வாசலில் மறித்துவிட்டார்கள். "அண்ணை, நீ அங்காலை போய் இரு. பாலை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்." என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் பால் தேத்தண்ணியை வாங்கிவிட்டு, போட்டது ஆர் என்று என் மனைவியிடம் விசாரித்துத்தான் குடித்தார்கள்.

ஆனால் அன்றைக்கு, அந்த நிமிடத்தில், நான் திங்கட்கிழமையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அது கூவவில்லை. நிசாம் நானா அடியிலிருந்த குழாயைத் திறந்து நுரை அடங்கப் பால்தண்ணியை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். எல்லா விரலும் என்னைக் காட்டின. "நான்தான் அக்கா," என்றேன்.

மகேஸ் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தை முந்தானையால் துடைத்தார். செருப்பைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை வருடம் ஒருநாளும் ஏறாத எஞ்சினில் ஏறினார். "தள்ளுங்கோ அண்ணை," என்று சிவபாதம் அண்ணையை விலக்கி, அந்தக் கயிற்றைப் பிடித்து, பலமெல்லாம் கூட்டி இழுத்தார்.

முதலில் கொஞ்சம் துப்பியது. பிறகு கூவியது. வீதியில் போன பஸ்காரன் பிறேக் அடிக்கிற மாதிரிக் கூவியது.

நாங்கள் கைதட்டி, கத்தி, "காணும் அக்கா, போதும்!" என்று கெஞ்சியும், அவர் கயிற்றை விடவேயில்லை.