மவ்கி அனுப்பு, மாப்பிள்ளை!

கறுப்பு நல்லதா, பச்சை நல்லதா என்று குதைபாவால் முடிவு செய்ய முடியவில்லை. கண்ணுக்குப் பிடித்த திரை அலங்காரத் தீமுக்கெல்லாம் காசு கேட்டார்கள். இலவசம் என்று போட்டிருந்தவை, சந்தை கலைந்த பிறகு கூடையில் கிடக்கிற தக்காளி மாதிரி இருந்தன.

"காலைலேர்ந்து அந்தக் கம்ப்யூட்டரையே முறைச்சுக்கிட்டு என்னடா பண்ற?" என்றாள் அம்மா, மாடி வீட்டிலிருந்து கடைக்குள் எட்டிப் பார்த்து.

"ஹாலாவோட அப்பா மவ்கி அனுப்பச் சொல்லியிருக்காரும்மா. பாத்துட்டுத்தான் பொண்ணு தர்றதைப் பத்திச் சொல்வாராம்."

மவ்கி என்றால் இணையதளம். அரபு பேசுகிற எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். இர்பித் நகரத்து மொட்டைமாடிகளில் சூரிய வெந்நீர்த் தொட்டி மாட்டிக் கொடுக்கிற குதைபாவிடம் மட்டும் அது இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகையே இல்லை. இணையதளத்துக்கு எங்கே போவது? தொட்டி ஒழுகினால் மாடியில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள், ஓடுவான். இத்தனை நாள் அது போதுமாக இருந்தது.

இப்போது போதவில்லை. இன்று இரவு இஷா தொழுகை முடிந்ததும் ஹாலாவின் பெரியப்பா மகன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வருகிறான். எங்கள் பக்கம் பெரியப்பா மகனுக்குத்தான் முதல் உரிமை. அதற்குள் ஹாலாவின் அப்பா அபூ கைஸ் இவனுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஹாலா கைவிட்டுப் போய்விடுவாள்.

போன் சிணுங்கியது. அபூ கைஸ்தான். பெண்ணைப் பெற்றவர் வலியக் கூப்பிட்டுப் பேசினால் மரியாதை என்ன ஆவது? அதனால் செய்தியாக வந்திருந்தது. "மவ்கி எங்கே?"

"இதோ மாமா," என்று பதில் போட்டுவிட்டுக் கறுப்பையே தேர்ந்தெடுத்தான். பெரிய கம்பெனிக்காரனெல்லாம் கறுப்புதானே வைக்கிறான்.

நடுவில் அவன் படம் வந்தது. தானாகவே கறுப்பு வெள்ளையாக மாறி வந்தது. கலர் வேண்டுமென்றால் காசாம். கீழே பெயர். அதற்கும் கீழே, கடை தொடங்கிய வருஷமும் இந்த வருஷமும், நடுவில் ஒரு கோடு. தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பி, 'எப்படி இருக்கு?' என்று எழுதப் போனான். "சோறு ஆறுது!" என்று அம்மா போட்ட கூச்சலில் எழுதாமலேயே மாடிக்கு ஓடிவிட்டான்.

சாப்பிட்டு இறங்கியபோது கடை வாசலில் வரிசையாக நாற்காலிகள். ஆண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கசப்புக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். ஐயோ பாவம், யார் வீட்டுத் துக்கமோ என்று குதைபாவும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பை வாங்கிக்கொண்டான்.

"யாரு தவறினது?" என்றான் மெதுவாக, பக்கத்திலிருந்த ஹாஜி முஃப்லிஹிடம்.

"நம்ம குதைபாதாம்ப்பா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய ஹாஜி, "நீதான்!" என்று அலறி, காப்பியை மடியில் கொட்டிக்கொண்டார்.

"நான் சாகல! அது மவ்கி!"

"சாகாதவன் எதுக்குடா மரண அறிவிப்பு அனுப்புற?"

நியாயமான கேள்விதான். கறுப்புப் பின்னணி, சாம்பல் முகம், இரண்டு வருஷம், நடுவில் கோடு. எங்கள் ஊரில் இதை வேறு எப்படிப் படிப்பார்கள்? வந்தவர்கள் மட்டும் போகவில்லை. ஊற்றிய காப்பியை வீணாக்குவானேன் என்று உட்கார்ந்தபடியே ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள்.

மறுபடி அபூ கைஸிடமிருந்து செய்தி. "சுத்திச் சுத்தித் தேடிட்டேன். கிடைக்கலை."

கூகிளில் தேடுகிறார்! குதைபாவுக்கு வியர்த்துவிட்டது. கறுப்பைத் தூக்கிவிட்டுப் பச்சையைப் போட்டான். ஓரமெல்லாம் தங்கக் கொடி ஓடும், கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. அதையும் குழுவுக்கு அனுப்பினான். இந்த முறை மறக்காமல் 'நான் நலம்' என்றும் எழுதினான்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு உம் ஜரீர் காலிப் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"சொல்லாம கொள்ளாம மக்கா போயிட்டு வந்துட்டியே! நல்லபடியா திரும்பினேன்னு, ஹாஜிங்க வீட்டு வாசல்ல கட்டுற பச்சை வேற போட்டிருக்க. அங்கேர்ந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணி ஊத்து, முட்டிவலிக்குத் தடவணும்."

"நான் எங்கயும் போகலம்மா! தீம் மாத்தினேன்!"

"பேரீச்சம்பழமாவது குடு."

"ஏண்டா," என்றாள் அம்மா, "செத்து, பிழைச்சு, மக்காவும் போயாச்சு. இனி என்ன பாக்கி?"

பாக்கி இருந்தது. மிச்சமிருந்த இலவசம் ரோஸ் நிறத்தில் ஒன்றுதான். பூக்கள் சொரிந்தன. நடுவில் மஞ்சள் முடி மணப்பெண் ஒருத்தி சிரித்தாள். மாப்பிள்ளை முதுகைக் காட்டி நின்றான். அந்தப் படத்தை நீக்கவும் காசு கேட்டார்கள். பரவாயில்லை, அபூ கைஸ் எழுத்தைத்தானே படிப்பார் என்று அப்படியே வெளியிட்டு, குழுவுக்கும் அனுப்பினான். தெருவிலிருந்து பெண்களின் குலவைச் சத்தம் கிளம்பியது. அடுத்த நிமிஷம் ஹாலா கூப்பிட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"மஞ்சத் தலைக்காரி! உங்க தெருவுல இருக்கிற என் சிநேகிதி அனுப்பினா!"

"ஐயோ, அவ இலவசமா வந்தவ ஹாலா!"

"இலவசமா வந்தாளா?"

"கழட்டணும்னா காசு கேக்குறாங்க!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. குதைபா நாற்காலியில் சரிந்தான். ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள எத்தனை வண்ணத்தில்தான் ஒருவன் சாவது? அழுகையே வந்துவிட்டது. இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அபூ கைஸ் இறங்கினார். கண்கள் சிவந்திருந்தன. நாற்காலிக்காரர்களின் கையைப் பிடித்து, "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்," என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் வந்தவர், குதைபாவைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய்ட்டதா ரவுண்டானால சொன்னாங்களே!"

"இல்ல மாமா, அது கறுப்புத் தீம்."

அபூ கைஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மெதுவாக உட்கார்ந்தார்.

"கடைக்குக் கடை உன்னை விசாரிச்சேம்ப்பா. ரொட்டிக்கடைக்காரன் அழுதான். ஏழை வீட்டுக்கெல்லாம் சும்மாவே தொட்டி மாட்டிக் குடுப்பியாம். அம்மாகிட்ட ஒரு சொல் எதிர்த்துப் பேசினதில்லையாம்."

வாசலில் நின்ற அம்மா, தொண்டையைச் செருமினாளே தவிர மறுக்கவில்லை.

"உயிரோட இருக்கிற எவனைப் பத்தியும் இந்த ஊர் இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. பொண்ணு உனக்குத்தான். அண்ணன் மகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்களுக்கு அதே கசப்புக் காப்பிதான். அதையே மறுபடி ஊற்றினார்கள். குதைபா அபூ கைஸின் நெற்றியில் முத்தமிட்டான். ஆனாலும் மனம் அடங்கவில்லை.

"மாமா, மவ்கி... எதைப் பாத்தீங்க? பச்சையா, ரோஸா?"

அபூ கைஸ் விழித்தார். வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த டாக்ஸிக்காரன்தான் தலையில் அடித்துக்கொண்டான்.

"பச்சையாவது ரோஸாவது! மவ்கின்னா இருக்கிற இடமும்தானே! மவ்கி, மவ்கின்னு மனுஷன் காலைலேர்ந்து கெஞ்சினது, உன் கடை எந்தச் சந்துல இருக்குன்னு மேப்ல ஒரு புள்ளி வச்சு அனுப்பச் சொல்லித்தான்யா!"