ஒண்ணுக்கு டாக்டர்

காஞ்சிபுரத்துக்கு வந்து பட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒண்ணுக்கை மட்டும் விசாரித்துவிட்டுப் போன மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிறவர், அதை ஆராய்கிறவரும்கூட. சாயம் போடுகிறவர்களுக்கு அந்த நோய் வருகிறதா என்று பார்க்க, செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வருவார். நாங்கள் வைத்த பெயர் 'ஒண்ணுக்கு டாக்டர்'. நாளடைவில் போனிலேயே, "நான் ஒண்ணுக்கு டாக்டர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு அவரும் பழகிவிட்டார்.

தோளில் ஒரு ஐஸ் பெட்டி தொங்கும். முதல் நாள் எதிர்வீட்டு அம்மா அவரை நிறுத்தி, "என்னா மீனுபா?" என்று கேட்டார்.

"மீன் இல்லம்மா, மூத்திரம்."

அந்த அம்மா அதற்கப்புறம் ஒரு மாதம் நிஜ மீன்காரரிடம்கூட மீன் வாங்கவில்லை.

டாக்டருக்கு நேரம் காலம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரம் பார்த்துப் பக்கத்து இலைக்காரரிடம், "காலையில என்ன கலர்ல போச்சு?" என்பார். எங்கள் ஊரில் கலரைக் கேட்டால் சும்மா மஞ்சள் என்று சொல்லிவிட மாட்டார்கள். "மாம்பழ கலரு சார். வெளிச்சத்துல பாத்தா லேசா சந்தனம் அடிக்குது" என்பார்கள். இரண்டு வாரம் விழித்தார். பிறகு சாயப்பட்டறையில் பட்டு நூல் துண்டுகள் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நிறத்தின் பெயரை எழுதிக்கொண்டார். இந்த ஊரில் அவர் தொட்ட பட்டு அவ்வளவுதான்.

என் சித்தப்பா சாயம் போடுகிறவர். சின்ன வயதிலிருந்தே கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் நிற்கிறவர், பீடியும் உண்டு. டாக்டருக்கு அவர்மேல் ஒரு கண். ஆனால் சித்தப்பா பிடி கொடுக்கவில்லை. டாக்டர் சாம்பிளுக்குத் தந்த டப்பாவில் இளநீரை ஊற்றிக் கொடுத்தார். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"எளநி. கொஞ்சம் முத்தினது. உங்களுது எங்க?"

"அடுத்த வாரம் பாக்கலாம் சார்."

அடுத்த வாரம் குழாய்த் தண்ணீர் வந்தது.

காரணம் எனக்கு ஒரு நாள் சாயங்காலம் தெரிந்தது. "ரெண்டு மூணு தபா செவப்பா போச்சுடா. சாயம் போடறவனுக்கு செவப்பாதான போவும்? சித்திகிட்ட சொல்லிக்கினு இருக்காத" என்றார் சித்தப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சித்தி வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே. நான் சித்தியிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கே போய் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் நேராகப் பட்டறைக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க ஒண்ணுக்குப் போறவரைக்கும் நான் இங்கதான்." சித்தி விஷயம் தெரியாமல் இரண்டு பேருக்கும் சொம்பு சொம்பாக மோர் கொண்டுவந்தார். மரியாதைக்கு டாக்டரும் ஒவ்வொரு சொம்பையும் காலி செய்தார். இரண்டு மணி நேரம் ஆகியும் சித்தப்பா அசையவில்லை. கடைசியில் டாக்டர்தான் நெளிந்துகொண்டே எழுந்தார்.

"பாத்ரூம் எங்க?"

சித்தப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார். "அந்த டப்பாவ குடு சார். வலிகூட இல்லியே, என்னாத்துக்கு இவ்ளோ பயப்படறே?"

"வலி இல்லாததாலதான்" என்றார் டாக்டர்.

சிறுநீர்ப்பையில் சின்னக் கட்டி. ஆரம்பம்தான். சென்னைக்கு அழைத்துப்போய், வெளியே கத்தி வைக்காமல், மூத்திர வழியிலேயே குழாய் விட்டு அவரே எடுத்தார். "பொழச்சிக்குவேனா சார்?" என்று சித்தப்பா அவர் கையைப் பிடித்தபோது, "பீடிய விட்டுடு. செக்கப்புக்கு மட்டும் வந்துக்கினே இரு" என்றார். எங்கள் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. சித்தப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என் பேரு எங்க சார்?"

"பேஷண்ட் பேரெல்லாம் போடக் கூடாதுங்க."

"இத்தினி தபா குடுத்தேனே, ஒரு இனிஷியலாவது?"

டாக்டர் சங்கடத்தோடு ஒரு வரைபடத்தைக் காட்டி, "இந்தப் புள்ளி நீங்கதான்" என்றார். அது சித்தப்பாதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். சித்தப்பா கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்றார்.

அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் இப்போது சித்தப்பா வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சித்திக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அதில் டாக்டர் பெயர் எது என்று என்னிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குப் பொட்டு வைக்கும்போது, அந்தப் பெயருக்கும் ஒன்று வைக்கிறார்.