ஆமை அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்ட கதை

ஒரு காட்டில் இருளப்பன் என்று ஒரு ஆமை இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு குளம் இருந்தது. குளம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு எருமை இறங்கினால் தண்ணீர் கரையேறிவிடும்.

ஒரு கோடையில் சீனியம்மாள் என்ற எருமை வந்து நின்றது.

"அண்ணே, வெயில் தாங்கல. ஒரே ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போயிடுறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

ஆமைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அது யாருக்குத்தான் தெரியாது? நகர்ந்து கொடுத்தது. மறுநாள் சீனியம்மாள் மச்சினியைக் கூட்டிவந்தது. அடுத்த வாரம் மச்சினியின் மாமியார் வந்தது. ஐந்தாவது வாரம் குளத்தில் பதினோரு எருமைகள் இருந்தன. ஆமை கரையில் இருந்தது.

"கரையில காத்து நல்லா வருதுல்லண்ணே?" என்று சீனியம்மாள் தண்ணீருக்குள்ளிருந்து அக்கறையாகக் கேட்டது.

ஆமை மனுக் கொடுத்தது. அந்தக் காட்டுக்குத் தாசில்தார் ஒரு காட்டுப்பன்றி. நாலு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு விசாரணை. இரு தரப்பும் நேரில் வர வேண்டும். வராத தரப்புக்குக் குளம் கிடையாது.

ஆபீஸ் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊரில் ஓடித் தேய்ந்த பஸ் ஒன்றைக் காட்டுக்கென்று தள்ளிவிட்டிருந்தார்கள். ஆமை புதன்கிழமையே வீட்டைவிட்டுக் கிளம்பி, வெள்ளிக்கிழமை விடியும்போது பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. முதல் ஆளாக ஏறி, மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தது.

கிளம்பும் நேரத்துக்குக் கூட்டம் வந்தது. ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது அந்தக் காட்டு வழக்கம். துண்டு இல்லாதவர்கள் இருப்பதைப் போட்டார்கள். மயில் இறகைப் போட்டது. பாம்பு தன் சட்டையை உரித்துப் போட்டது. நரி யாருடைய செருப்பையோ போட்டது. போட்ட இடத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்தக் காட்டில் அடுத்தவன் குட்டியைத் தின்றவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள். துண்டை எடுத்துக் கீழே போட்டவனை மன்னித்ததில்லை.

சீனியம்மாளும் விசாரணைக்காக அதே பஸ்ஸில்தான் ஏறியது.

"அட, நம்ம அண்ணனா! கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

ஆமை நகர்ந்தது. சீனியம்மாள் உட்கார்ந்ததும் ஆமை ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு முள்ளம்பன்றி வந்து, "அண்ணாச்சி, நானும் இப்படி ஓரமா..." என்று ஏறியது. ஆமை வாலை இழுத்துக்கொண்டது. நாலு கால்களையும் இழுத்துக்கொண்டது. தலை மட்டும் மிச்சம் இருந்ததால் அதற்குக் கோபம் வந்தது.

"எத்தனை தடவைதான் அட்ஜஸ்ட் பண்றது? அந்தச் சொல்லுக்கு அர்த்தம்தான் என்ன?"

மேலே கம்பியில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷம் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக் கூரையில் குடியிருந்ததால் அதை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அது தொண்டையைக் கனைத்தது.

"அது ஒரு வினைச்சொல். கடிகாரத்துல முள்ளு தப்பா நின்னா லேசாத் திருப்பி வெக்கிறோம்ல, அதுதான். பொருந்தாம இருக்கிறதைத் திருத்திப் பொருந்த வெக்கிறது. உட்கார்ந்திருக்கிறவரை நசுக்குறதுக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. இங்கிலீஷ்காரன் கேட்டா சிரிப்பான்."

"அப்ப இந்த சீட்டுல பொருந்தாம இருக்கிறது யாரு?" என்று ஆமை கேட்டது.

பஸ் முழுவதும் சீனியம்மாளைப் பார்த்தது.

"ஏன் டீச்சர், உங்க இங்கிலீஷ்காரன் இந்த பஸ்லயா வர்றான்?" என்றது சீனியம்மாள். "வரட்டும். அவனையும் அட்ஜஸ்ட் பண்ணத்தான் சொல்லுவேன்."

"ரெண்டு பக்கமும் பாதிப் பாதி விட்டுக்கொடுக்கிறதுதான் அர்த்தம்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றது முள்ளம்பன்றி.

"உங்கப்பா பக்கத்துல யாருய்யா உட்கார்ந்தா, விட்டுக்கொடுக்கிறதுக்கு?" என்று பின்சீட்டிலிருந்து நரி கேட்டது.

கண்டக்டர் தவசி ஒரு கருங்குரங்கு. அது விசிலை வாயிலிருந்து எடுத்தது. "முப்பது வருஷமா இந்தச் சொல்லைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். யாரு முதல்ல சொல்றாங்களோ அவங்க பண்ண வேண்டியதில்ல. அர்த்தம் அவ்வளவுதான். டிக்கெட், டிக்கெட்!"

"அகராதியில அப்படி இல்லையே..." என்று மைனா ஆரம்பித்தது. அப்போது பருந்து ஒன்று கம்பியில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், கொஞ்சம்..." என்றது. மைனா கம்பியின் கடைசிக்குப் போய்விட்டது. அகராதி அதற்கு மேல் திறக்கவில்லை.

ஆமைக்கு மனசு விட்டுப்போனது. தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

பாதி மலையில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். ஆமை மட்டும் ஓட்டுக்குள் கிடந்தது. சீனியம்மாள் நாலு வடை தின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, நரி கையை நீட்டி மறித்தது.

"அங்க உட்காராதீங்கம்மா. இடம் போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு? அது ஆமைய்யா!"

"தலையைக் காணோம், காலைக் காணோம். பாம்பு சட்டையைப் போடலையா? அது மாதிரி ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்காரு."

"ஓட்டையே கழட்டிப் போடுறவருன்னா..." என்று முள்ளம்பன்றி குரலைத் தாழ்த்தியது. "பெரிய இடமாத்தான் இருக்கும். சீட்டு மூணும் அவருக்குத்தான்."

சீனியம்மாள் மூன்று பேர் சீட்டை ஒருமுறை பார்த்தது. அதுவும் அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த எருமைதான். வழக்கத்தை மீற முடியுமா? மிச்ச மலை முழுக்க நின்றுகொண்டே வந்தது. ஆமை உள்ளே இருந்தபடி ஆசை தீரக் காலை நீட்டி மடக்கியது.

ஆபீஸ் வந்தது. ஓட்டைத் தேடி யாரும் வரவில்லை. பஸ்ஸில் விட்டுப்போன பொருளை ஆபீஸில் ஒப்படைப்பதுதான் முறை என்று தவசி அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு போனது. ஆமையை யாரும் அதுவரை தலைமேல் வைத்ததில்லை. அது ஓட்டுக்குள்ளேயே சுகமாக இருந்துகொண்டது. ஆபீஸில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. பெரிய மனிதர் பொருளைத் தரையில் வைக்க முடியாது. காலியாக இருந்தது தாசில்தார் நாற்காலிதான். அதில் வைத்துவிட்டுத் தவசி போய்விட்டது.

பன்றி வெளியே போயிருந்தது. திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்ததும் அதற்கு வியர்த்தது.

"யார் இடம் போட்டது?"

"தெரியலைங்க ஐயா" என்றது நரி. அதற்கும் அங்கே ஒரு மனு இருந்தது. "பஸ்ஸுல ஒரே ஆளுக்கு மூணு சீட்டு."

பன்றி மீசையைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றது. மணி பன்னிரண்டு அடித்தது.

"மனுதாரர் இருளப்பன்! இருளப்பன்! இருளப்பன்!"

ஆமை தலையை நீட்டினால், தாசில்தார் நாற்காலியில் ஏறிய ஆமை என்று வெளியே தூக்கிப் போடுவார்கள். நீட்டாவிட்டால் குளம் போய்விடும். மனுதாரர் வரவில்லை என்று எழுதப் பன்றி பேனாவை எடுத்தது. ஆமை தலையை நீட்டவில்லை. வாயை மட்டும் திறந்தது.

"குளம் ஆமைக்கு."

குடத்துக்குள்ளிருந்து பேசியதுபோல் குரல் கனமாக வந்தது. மேலிடத்துக் குரலுக்கு முகம் இருக்காது என்பது பன்றிக்கு இருபது வருஷ சர்வீஸில் தெரியும். "உத்தரவுங்க" என்று நின்றபடியே எழுதி முத்திரை குத்தியது.

"ஐயா, நாங்க பதினோரு பேரு! எங்கதான் போறது?" என்று சீனியம்மாள் கதறியது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றது நாற்காலி.

ஆமைக்கு ஓட்டுக்குள்ளேயே சிரிப்பு வந்தது. ஆனால் பன்றி எழுதி முடிக்கவில்லை. உத்தரவின் கடைசியில், "மனுதாரர் நேரில் வந்து கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொள்ளவும். அதுவரை எருமைகள் இருந்த இடத்திலேயே இருக்கவும்" என்று சேர்த்து, சுற்றிக் கட்டி, மேசைமேல் வைத்தது.

அந்த உத்தரவு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆமைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழ தூரம். காலை நீட்டினால் எட்டிவிடும். எட்டினால் மறுபடியும் ஆமையாகிவிடும். தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. தாசில்தார் நின்றுகொண்டு வேலை பார்க்கிறார். குளத்தில் இப்போது பதினான்கு எருமைகள் என்று கேள்வி.

நீதி: இடம் வேண்டுமானால் நேரில் போகாதே, துண்டை அனுப்பு. துண்டை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை.